தணிகையில் நடக்காத சூரசம்ஹாரம்

திருத்தணி
24-8-1986

என் கண்ணு காஞ்சனாவுக்கு,

நைனா எழுதுகிறேன். நானே எழுதுகிறேன். டீச்சர் சொல்லச் சொல்ல எழுதவில்லை, பக்கத்தில் யாரும் இல்லை. உன் அம்மா மட்டும் அடுப்பங்கரையிலிருந்து, "இன்னும் ரெண்டு வரிகூட ஆவலையா? அதுக்குள்ள நானே மெட்ராஸ் போயி சேதி சொல்லிட்டு வந்துடுவேன்" என்று கேலி செய்துகொண்டிருக்கிறாள். நான் வாய் திறக்கவில்லை. எழுதும்போது பேசினால் எனக்குக் கொம்பும் காலும் இடம் மாறிவிடுகின்றன.

நாங்கள் சுகம். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்கு முடி இறக்கி இறக்கி என் வலது தோள் வீங்கியிருந்தது, இப்போது தேவலை. நீ சாப்பிடுகிறாயா?

இனி விஷயம். லாட்ஜ் தங்கவேல் டிவி வாங்கியிருக்கிறார். மாடியில் கொடிமரம் போல ஒரு கம்பி நட்டு மெட்ராஸைப் பிடித்துவிட்டார். வியாழக்கிழமை மட்டும் எங்கள் முதியோர் வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டு எல்லோரும் அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறோம், உங்கள் 'கோட்டுக்கு அந்தப் பக்கம்' நாடகம் பார்க்க. பெயர் போடும்போது அவர்களுக்கு என்ன அவசரமோ! முதல் வாரம் நான் 'திருத்' என்று படிப்பதற்குள் போய்விட்டது. அடுத்த வாரம் 'திருத்தணி கா' வரைக்கும். மூன்றாவது வாரம் கண்ணை இமைக்காமல் இருந்து முழுசாகப் படித்தேன். என் மகள் பெயரை நான் படித்தேன். சத்தம் போட்டேன் என்று நினைக்கிறேன், பூக்காரி ஞானம்மாள் என் தொடையில் கிள்ளினாள்.

ஆனால் கண்ணு, நாடகத்தில் தப்பு இருக்கிறது. அதில் வருகிற வாத்தியார் நம் மலைக்கு வந்து மொட்டை போட்டுக்கொள்கிறார். சரி. உடனே படி இறங்கி டீக்கடையில் நிற்கிறார். அப்போது அவர் தலையில் ஒரு அங்குலம் முடி! ஒரு அங்குலம் வளர ரெண்டு மாசம் வேண்டும். படி இறங்க ரெண்டு மாசமா? கதை அறுபத்திரண்டில் நடக்கிறது என்கிறார்கள், குழாயடியில் எல்லாம் பிளாஸ்டிக் குடம். பாதியில் வாத்தியாருக்குக் கண்ணாடி இருக்கிறது, பாதியில் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேல், திருத்தணி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது என்று எப்படிச் சொல்லலாம்? அறுபதிலேயே இந்தப் பக்கம் வந்துவிட்டோமே. அன்றைக்கு மாலை போட்டுக்கொண்டு ஊர்வலம் போனவன் நான். லாட்ஜில் பாதிப் பேர் எழுந்து, "பொய்யி, பொய்யி" என்று கத்தினார்கள்.

அதனால் டிவி நிலையத்துக்கு ஒரு கார்டு போட்டிருக்கிறேன். முன்பின் தெரியாதவர்களுக்கு நான் எழுதிய முதல் கார்டு. போய்ச் சேர்ந்திருக்கும் இல்லையா?

இப்படிக்கு,
உன் நைனா
மணவாளன்


சென்னை
1-9-1986

அன்புள்ள நைனாவுக்கு,

உங்கள் கடிதத்தை எங்கள் ஹாஸ்டலில் எல்லோருக்கும் காட்டினேன். கோணல் இல்லாமல் வரி நேராகப் போகிறது என்று வார்டன் அம்மாவே சொன்னார்கள். இத்தனை நாள் நான் எழுதுவதைத் தங்கவேல் மாமா லாட்ஜில் வைத்துச் சத்தமாகப் படிப்பார் என்பதால், மழை பெய்தது, வெயில் அடித்தது என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். இனி உள்ளதை எழுதலாம்.

அது பொய் இல்லை நைனா. 'ஒருவேளை அப்படி நடந்திருந்தால்' என்று ஒரு கற்பனை. எல்லையைப் பிரித்தபோது திருத்தணி இந்தப் பக்கம் வராமலே போயிருந்தால் ஒரு தமிழ் வாத்தியார் என்ன செய்திருப்பார்? அதுதான் கதை. ஆரம்பத்திலேயே எழுத்தில் போடுகிறோம், நீங்கள் என் பெயரையே தேடிக்கொண்டிருந்தால் அதை எப்படிப் படிப்பீர்கள்!

கண்ணாடி போட்டவர் அண்ணன், போடாதவர் தம்பி. அவர்கள் இரண்டு பேர்.

ஆனால் முடி தப்புதான். குடமும் தப்புதான். அதைப் பார்க்கிறதுதான் என் வேலை. கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யார் எந்தச் சட்டை, எந்தக் கையில் டம்ளர், எவ்வளவு முடி என்று குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். டீக்கடையை முதலில் எடுத்தோம், மொட்டையைப் பிறகு எடுத்தோம். அந்த நடிகருக்கு வேறு படம் இருப்பதால் நிஜ மொட்டை இல்லை, முடியை மறைத்துத் தலையில் ரப்பர் தொப்பிதான். "சார், முடி சேராது" என்று டைரக்டர் பரந்தாமன் சாரிடம் சொன்னேன். "யாரும்மா தலையைப் பார்க்கப் போறாங்க?" என்றார். உங்கள் கார்டு வந்தது. அதை என் முன்னால் போட்டு, "உங்க ஊர்க்காரர் பார்த்திருக்காரே" என்றார். அது என் அப்பா என்று நான் சொல்லவில்லை. பிறகு அவரே கண்டுபிடித்துவிட்டார்.

அதனால் தயவுசெய்து இனிமேல் எனக்கு மட்டும் எழுதுங்கள். இந்த நாடகம் முடிந்ததும் அடுத்ததற்கு என்னை உதவி டைரக்டராக எடுப்பதாகத் தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறார். அது நடக்காவிட்டால் பொங்கலுக்குத் திரும்பி வந்து நீங்கள் பார்த்த மாப்பிள்ளைக்குத் தலையாட்டுவதாக அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். எனக்கு இந்த வேலை வேண்டும் நைனா.

உங்கள் மகள்
காஞ்சனா


திருத்தணி
7-9-1986

கண்ணு காஞ்சனாவுக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது, அதனால் என்ன, நல்ல சாயங்காலம். 'தயவுசெய்து' என்ற இடத்தில் மட்டும் டீச்சரிடம் கேட்டேன். மற்ற எதையும் காட்டவில்லை, பயப்படாதே.

இப்போது புரிந்துவிட்டது. லாட்ஜில் எல்லோருக்கும் நான்தான் விளக்கிச் சொன்னேன். அதிலிருந்து ஊரே இதே விளையாட்டு. 'ஒருவேளை' என்று ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. "ஒருவேளை நான் அரக்கோணத்துக்காரனையே கட்டிகினு இருந்தா?" என்று உன் அம்மா கேட்டாள். "அவனுக்கு இந்நேரம் தலையில முடியே இருந்திருக்காது" என்றேன். "ஆங், உங்கிட்ட மட்டும் கூந்தல் அள்ளி முடிஞ்சிகினு கீதா" என்றாள். இப்படிப் போகிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒருவேளை என்று ஒன்றை மாற்றினார்கள். சரி. மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால்தானே அந்த ஒன்று கண்ணுக்குத் தெரியும்? எல்லை மாறியதற்காகத் தலைமுடி வேகமாக வளருமா? இந்த வாரமும் பார். காவடி எடுத்து வருகிறவன் வலது தோளில் தூக்கி வந்தான், திரும்பினால் இடது தோள். மாற்றிக்கொண்டான் என்று வைத்துக்கொள்ளலாம். மாலைகூடவா சிவப்பிலிருந்து வெள்ளையாக மாறும்? எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. உனக்கும் வந்திருக்கும்.

நீ சொன்ன சொல்லை நான் தட்டவில்லை. நிலையத்துக்கு எழுதவே இல்லை. இதற்கிடையில் டீச்சர் அபிராமசுந்தரி வகுப்பில், வெளியாருக்குக் கடிதம் எழுதிப் பழக வேண்டும் என்று எல்லோருக்கும் ஆளுக்கொரு கார்டு வாங்கிவரச் சொன்னார்கள். யாருக்கு எழுதுவது, என்ன எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வாயால்தான் சொன்னேன். டீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதினார்கள், எல்லோரும் பார்த்து எழுதினார்கள். ஞானம்மாள் முழுக் கார்டையும் அடித்தல் இல்லாமல் எழுதிவிட்டு அழுதாள். நான் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தேன், நீ கேட்டுக்கொண்டதற்காக. கை பரபரத்தது.

உன் நைனா
மணவாளன்


சென்னை
18-9-1986

நைனாவுக்கு,

என்ன செய்துவிட்டீர்கள்!

கார்டுகள் கட்டாக வந்து இறங்கின. எல்லாம் ஒரே வாசகம். 'ஐயா, நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள். வாத்தியாருக்கு முடி எப்படி வளர்ந்தது?' எல்லாவற்றிலும் திருத்தணி முத்திரை. நிலையத்தில் அதைத் தயாரிப்பாளருக்கு அனுப்ப, அவர் பரந்தாமன் சாரிடம் கொடுக்க, அவர் தரையில் சீட்டு விளையாடுவது போலப் பரப்பிவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நான் உன் பேச்சைக் கேட்கலைன்னு ஊரையே கூட்டிட்டியா?"

நான் சத்தியம் செய்தேன். நம்பவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்ப மாட்டேன்.

அதைவிடப் பெரிய தலைவலி இனிமேல்தான். கடைசி வாரத்தில் வாத்தியார் கைதாகும் காட்சியைச் சூரசம்ஹாரத் திருவிழாவில் வைத்திருக்கிறார்கள். நம் மலையில்! கதை எழுதும்போதே சொன்னேன், சார், கந்த சஷ்டிக்கு மற்ற ஊரில்தான் சூரனை வதம் செய்வார்கள், சாமி கோபம் தணிந்து வந்து உட்கார்ந்த இடம் எங்கள் மலை, அங்கே அன்றைக்குப் பூவைக் கொட்டுவார்கள், வேலாயுதத்தை எடுக்க மாட்டார்கள் என்று. "நம்ம கதையில எடுப்பாங்க. கற்பனைதானேம்மா?" என்கிறார். எல்லைக் கோட்டை மாற்றினால் சாமிக்குக் கோபம் திரும்ப வந்துவிடுமா சார் என்று கேட்டுவிட்டேன். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

சூரன் தலைகள் செய்தாகிவிட்டது. யானைக்குச் சொல்லியாகிவிட்டது. இப்போது நிலையத்தில் ஒரு அதிகாரி, "எல்லை கற்பனையாக இருக்கலாம், கோயில் வழக்கம் கற்பனையாக இருக்கக் கூடாது. இத்தனை கார்டு வந்திருக்கிறது. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் வழக்கம் சரிதான் என்று எழுதி வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டாராம்.

தயாரிப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க அப்பாதான் நல்லா எழுதுறாரே, அவர்கிட்டயே வாங்கிடு. வந்துட்டா அடுத்த நாடகத்துல உன் இடம் உறுதி. வராட்டி, உன்னை வச்சிருக்கிறதுக்கு எனக்குக் காரணம் இல்லை" என்றார். நல்ல மனிதர்தான். கத்தவில்லை.

எழுதித் தாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எழுதித் தராதீர்கள் என்று சொல்லவும் முடியவில்லை. ஹாஸ்டல் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது அழுதேன். உங்கள் மேல் கோபம், அவர்கள் மேல் கோபம், அந்த ரப்பர் தொப்பி மேல்கூடக் கோபம்.

காஞ்சனா


திருத்தணி
28-9-1986

கண்ணு காஞ்சனாவுக்கு,

கார்டுக்காக என்னை மன்னித்துவிடு. வாயால் சொன்னால் எழுதியதாகாது என்று நினைத்துவிட்டேன். புதிதாகக் கற்றவனுக்கு அது புரியவில்லை.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் உடனே, "எழுதிக் குடுத்துடு. பொண்ணு அங்க ஒண்டியா நின்னுகினு கீறா. சாமி இதுக்கெல்லாமா கோச்சிக்கும்?" என்றாள். சாமி கோபித்துக்கொள்ளாது. எனக்குத் தெரியும். அதுவல்ல விஷயம்.

நான் பொய் சொல்லாதவன் இல்லை காஞ்சனா. பக்தர்கள் "புது பிளேடுதானேப்பா?" என்று கேட்டால், "இப்பதான் பிரிச்சேன் சாமி" என்று ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். அழுகிற குழந்தையிடம், "முடிஞ்சிப் போச்சி, முடிஞ்சிப் போச்சி" என்று பாதித் தலையிலேயே சொல்வேன். சொன்னது அப்போதே போய்விடும். ஆனால் தாளில் எழுத உட்கார்ந்தால், எழுதி முடித்த பிறகும் அது அங்கேயே இருக்கிறது. திரும்பி வந்து பார்த்தாலும் இருக்கிறது. அதை எழுதியவன் யார் என்றும் கீழே இருக்கிறது. எழுத்து தெரிந்தவர்கள் எல்லாம் இதை எப்படித் தாங்குகிறீர்கள்?

வகுப்புக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டு தாளைக் கிழித்தேன். 'சூரசம்ஹாரம்' என்று எழுதும்போது சு போட்டுவிட்டேன், மறுபடி எழுதினேன். தப்பில்லாமல் எழுத வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. இதோ இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் எழுதியிருப்பது இவ்வளவுதான்:

'ஐயா, என் பெயர் மணவாளன். நான் பிறந்தது முதல் திருத்தணியில் இருக்கிறேன். மலையில் முடி இறக்கும் வேலை செய்கிறேன். எங்கள் ஊரில் கந்த சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் நடக்கும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்கள் நாடகத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது.'

இதுவரை நான் எழுதியதில் இதுதான் அழகான கையெழுத்து. அதைப் பார்க்கத்தான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். கொடுக்காமல் ஊருக்கு வந்தால் மாப்பிள்ளைப் பேச்சை நான் எடுக்க மாட்டேன், அம்மாவையும் எடுக்க விடமாட்டேன். கொடுத்தாலும் ஏன் கொடுத்தாய் என்று கேட்க மாட்டேன்.

உன் நைனா
மணவாளன்


சென்னை
20-10-1986

அன்புள்ள நைனாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் எழுத உட்கார்ந்தேன்.

கொடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். கொடுக்காமல் ரயிலேறிவிடலாம் என்றும் நினைத்தேன். பிறகு ஒரு காலையில் ஆபீஸ் வாசலில் புதிதாக ஒரு பையன் என் நாற்காலியில் உட்கார்ந்து என் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு எதுவும் தெரியாது, குங்குமப் பொட்டு எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்டான். நேராக உள்ளே போய்த் தாளை நீட்டிவிட்டேன். பரந்தாமன் சார் படித்துவிட்டு, "இதைக் கோப்புல வச்சா போதும், வெளியில காட்ட மாட்டோம்" என்றார்.

சூரசம்ஹாரக் காட்சியை எடுத்து முடித்துவிட்டோம். நான்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேன். சூரனுடைய எந்தத் தலை எந்த வரிசையில் விழுகிறது, வேல் எந்தக் கையில், யானையின் நெற்றிப் பட்டம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, வாத்தியாருக்கு எவ்வளவு முடி, எதுவும் தவறவில்லை. குடம் எல்லாம் பித்தளைதான். இந்த நாடகத்திலேயே தப்பே இல்லாத காட்சி அதுதான் என்று கேமராமேன் கை கொடுத்தார். எனக்குக் கையை எடுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அடுத்த நாடகத்துக்கு உத்தரவு கையில் கிடைத்துவிட்டது. உதவி டைரக்டர். அம்மாவிடம் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்க மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இருக்கிறது. தீபாவளிக்கு வர முடியாது, வேலை இருக்கிறது. வேலை இருக்கிறது என்பது பாதிதான் உண்மை.

உங்கள்
காஞ்சனா


திருத்தணி
9-11-1986

கண்ணு காஞ்சனாவுக்கு,

உனக்கு உத்தரவு கிடைத்ததை அம்மா தெருமுழுக்கச் சொல்லிவிட்டாள். சந்தோஷம். நீ கெட்டிக்காரி என்று எனக்கு முன்பே தெரியும்.

கடைசி வாரம் பார்த்தோம். நாடகம் ஆரம்பிக்கும் முன் ஒருவர் உட்கார்ந்து, நேயர் கடிதம் என்று என் தாளைப் படித்தார். தாளையும் காட்டினார்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தது, ஆனால் என் எழுத்து எனக்குத் தெரியாதா. லாட்ஜில் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முன்பு "பொய்யி" என்று கத்திய ஆட்கள்தான் எல்லோரும். ஞானம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு நடுவிலேயே போய்விட்டாள். வாசலில், "எழுதக் கத்துகினது இதுக்குத்தானாய்யா?" என்று மட்டும் கேட்டாள். 

உன் காட்சி நன்றாக இருந்தது. ஒரு குறையும் இல்லை. தேடித்தான் பார்த்தேன்.

பிறகு சஷ்டி வந்தது. காலையிலிருந்தே கூட்டம். மெட்ராஸிலிருந்து, காஞ்சிபுரத்திலிருந்து, எங்கிருந்தெல்லாமோ பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். எல்லோரும் ஒரே கேள்விதான். வில்லிவாக்கத்துக் குடும்பம் ஒன்று, பாட்டியை நாற்காலியில் தூக்கிக்கொண்டு வந்திருந்தது. நான் அந்த வீட்டுக்காரருக்குப் பாதித் தலை இறக்கியிருந்தேன்.

"ஏங்க, சூரசம்ஹாரம் எத்தனை மணிக்கு? எந்தப் பக்கம் நின்னா நல்லாத் தெரியும்?"

"இங்க அது இல்லீங்க. பூவுதாங்க கொட்டுவாங்க."

"இன்னாய்யா சொல்றே? டிவில காமிச்சாங்களே. உங்க ஊர்ப் பெரியவரே எழுதியிருந்தாரே!"

"அந்தப் பெரியவன் நான்தாங்க. பொய் எழுதிட்டேன்."

அவர் பாதி மொட்டையோடு எழுந்து நின்றுவிட்டார். என்னைத் திட்டினார். பக்கத்துப் பலகைகளில் முடி இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். திட்டட்டும் என்று இருந்தேன். மீதித் தலையோடு எங்கே போவார்? கடைசியில் உட்கார்ந்துதான் ஆக வேண்டியிருந்தது. அதன் பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கேட்டார்கள். சாயங்காலம் வரை இதே பதில். சிலர் சிரித்தார்கள், சிலர் காறித் துப்பினார்கள். அடுத்த வருஷமும் வருவார்கள். என் கையில் கத்தி இருக்கிற வரைக்கும் நான் சொல்லிக்கொண்டிருப்பேன். அது என் வேலை. நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே, உன் வேலையைப் பார்.

ஏன் கொடுத்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஒரே ஒரு உதவி. அந்தத் தாளை அவர்களிடமிருந்து வாங்கி எனக்கு அனுப்ப முடியுமா என்று பார். முடியாது என்றால் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் என் பெயரை ஒரு இடத்தில் வைத்துவிட்டேன், அது திரும்பி வருகிற வரைக்கும் வேறு எதன் கீழும் போட எனக்கு மனசு வரவில்லை. வகுப்பிலும் போடவில்லை. டீச்சர் காரணம் கேட்கவில்லை, வருகைப் பதிவில் கைநாட்டு வைக்க மை டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்கள்.

பொங்கலுக்கு வா. உன் அம்மா தேடுகிறாள். நானும்தான்.

இப்படிக்கு,
உன் நைனா

(இது என் இடது பெருவிரல்)